பின்னுக்குப் போகச் சொல்லப்பட்டவர்

எங்கள் அம்மன் கோயில் தேரன்று வடத்தில் என் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் கிடந்த மகள் எழும்பி நடந்தால் வடம் பிடிப்பதாக நேர்த்திக்கடனாம்.

நிர்வாகசபை இளைஞன் ஓடிவந்தான். "உங்கடை ஆக்களுக்கு வடம் இல்லை. பின்னுக்குப் போ."

அவர் ஓரடி பின்வைத்து, இடுப்புச் சால்வையை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

"இன்னும் பின்னுக்கு!"

மறுபடி ஓரடி, மறுபடி சால்வை.

"பின்னுக்கு எண்டால் எதுமட்டும் தம்பி? மதிலடியோ, றோட்டோ? என்ரை அப்புவுக்கு இதைச் சொன்னது உம்மடை அப்பர். அவருக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"விசர்க்கதை கதையாதை!"

ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில்; இழுக்க ஆள் போதவில்லை. அப்படியிருந்தும் அவரைக் கூப்பிடாமல் உழவு இயந்திரத்தை வடத்தில் கட்டினார்கள். நான் வடத்தைப் போட்டுவிட்டு அவரருகில் போய் நின்றேன்.

புகையைக் கக்கிக்கொண்டு தேர் எங்களைக் கடந்தது. எல்லோரும் கைகூப்பினோம். அவர் மட்டும் இரண்டு கைகளையும் முட்டியாகப் பொத்தி நெஞ்சுக்கு முன்னால் இறுக்கி வைத்திருந்தார். மனதுக்குள் வடம் இழுத்தாரா, யாரையும் அடிக்க நினைத்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.