லெஜெங் என்னும் நச்சுமுறி

செத்தவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் வந்துவிடுவார். பெனான் என்னும் மலைக்காட்டுக் குடியில் பிறந்த சுபாங்குக்கு அது பால்குடி வயதிலேயே படிந்த பயம். கூச்சிங் நகரத்து மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளை அங்கி மாட்டிய பிறகும் போகவில்லை.

அண்ணன் காட்டில் வழுக்கி விழுந்தபோது வேட்டைக்கு வைத்திருந்த ஊதுகுழல் அம்பு அவன் தொடையிலேயே ஏறிவிட்டது. முனையில் ஈப்போ மரத்துப் பால். இதயத்தைக் கவ்வி நிறுத்திவிடும் நஞ்சு; அவன் பிழைக்கவில்லை. அந்த நஞ்சை இதயத்திலிருந்து நெம்பித் தள்ள ஒரு சின்ன மூலக்கூறு வேண்டுமென்று, வருஷக்கணக்காக வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள் சுபாங். எலிகள் செத்துக்கொண்டே இருந்தன.

ஆராய்ச்சிக்கூடத் தலைவர் தியோங் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் செய்கிற வம்புக்குத்தான் மருந்தே கிடையாது. இறப்புப் பதிவில் தேடிப்பிடித்து, புது மூலக்கூறுக்கு அவள் அண்ணன் பெயரையே வைத்துவிட்டார்.

"வேற பேரு வைங்க சார்."

"அட, இதுல என்னம்மா கூச்சம்? எங்கே, லெஜெங் வரட்டும்!"

நஞ்சூட்டிய எலிக்கு ஊசி ஏறியது. திரையில் படுத்துக் கிடந்த இதயக்கோடு எழுந்தது. எலியும் எழுந்து, இடது பின்னங்காலை இழுத்து இழுத்து சுபாங்கை நோக்கி வந்தது. சின்ன வயதிலிருந்தே அண்ணன் அப்படித்தான் நடப்பான். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கூண்டிலிருந்து விலகி நின்றாள்.

மறுநாள் மலையிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"அடியே, யாருடி அவனக் கூப்பிடறது? பட்டப்பகல்ல படியில கால இழுக்கிற சத்தம் கேக்குது. சேகோ மாவுக் களி வச்சா நடுவுல விரல் பட்ட குழி. பாவம்டி, அவன நிம்மதியா விடுங்கடி."

சுபாங் குப்பியில் இருந்த பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு வெறும் எண் எழுதிய சீட்டை ஒட்டினாள். யார் பெயரையும் கூப்பிடாமல் தானே ஊசி போட்டாள். எலி எழவில்லை. அடுத்ததும் எழவில்லை. மருந்தும் அதேதான், அளவும் அதேதான்.

விட்டுவிடலாம். ஆனால் மலையில் வீட்டுக்கு வீடு ஊதுகுழல் இருக்கிறது, வழுக்குகிற பாறையும் இருக்கிறது. தியோங் சாப்பிடப் போன நேரம், கதவைச் சாத்தி, இன்னொரு எலிக்கு ஊசி போட்டுவிட்டுக் கூண்டருகே குனிந்தாள். அவன் செத்த நாளிலிருந்து சொல்லாத பெயரைச் சொன்னாள்.

"லெஜெங் அண்ணே, கொஞ்ச நாள்தான். இந்த வேலை முடிஞ்சா உன்ன யாரும் கூப்பிட மாட்டாங்க."

பொய். மருந்து தேறிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

கோடு எழுந்தது. எலியும் எழுந்தது. காலை இழுத்துக்கொண்டு அவளருகே வந்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.