பல்லிலிருந்து கழுத்துக்கு

தும்மல்

நூலின் ஒரு முனை லதாவின் பல்லில், மறுமுனை அவள் விரல்களில், நடுவே ஒரு பெண்ணின் இடது புருவம். அந்த நொடியில் லதா தும்மினாள். புருவம் திருத்தும் தொழிலில் பல்தான் மூன்றாவது கை. நூலைக் கடித்து இழுத்தால்தான் கோடு நேராக வரும் என்று கற்றவர்கள் நாங்கள். தேக்காவில் நான் சூப்பர்வைசராக இருக்கும் அழகு நிலையத்தில் நாலு நாற்காலி, ஒரே ஏர்கான். ஒரே அறையில் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: திங்கட்கிழமை ஒருத்திக்குச் சளி என்றால் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும். அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலே கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சிஸ்டர், புருவத்துக்குத்தான் வந்தேன், முகம் கழுவ இல்ல லா.”

போன்

அப்போது நான்காவது நாற்காலி காலி. அது புனிதாவுடையது. அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தார்கள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும். வேலைக்குப் போகலாம், ஆனால் இருமுகிறவர்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்றாராம் டாக்டர். மார்சிலிங் வீட்டில் சுவரைப் பார்த்து அலுத்துப்போய் என்னை அழைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. “அக்கா, நம்ம கடைக்கு நான் வரலாமா, இல்ல வேற வேலை பாத்துக்கவா?”

கழுத்து

அவள் வருவதற்காக மறுநாளே எல்லோருக்கும் மாஸ்க். மாஸ்க் போட்டால் பல்லுக்கு வழியில்லை. நூலைக் கழுத்தில் மாட்டி, தலையைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது நூல். அவர் எழுந்ததும் நாற்காலியைத் துடைப்பது, கை கழுவுவது, பிறகுதான் அடுத்தவர்.

எனக்கும், மூன்றாவது நாற்காலிக்காரி மாலாவுக்கும், லதாவுக்கும் ஒரு வாரம் கழுத்து திரும்பவில்லை. சில புருவங்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் போயின. எங்களில் மிக வேகமானவள் லதா. அவளுக்குத்தான் கோபம் அதிகம். “கயித்த மாட்டி விட்டுட்டீங்க. மத்தியானம் புல்லும் போட்டுடுங்க, அக்கா.”

எம்.சி.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. வரிசை மாடிப்படி வரை நின்றது. லதா குரல் கம்மி வந்தாள். காய்ச்சலா என்றேன். “காய்ச்சல் எல்லாம் இல்ல, உடம்பு சூடு” என்றாள். இந்த ஊரில் வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்குக் காய்ச்சல் வராது, சூடுதான் வரும். நான் அவளை உள்ளே விடவில்லை, எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி கிளினிக்குக்கு அனுப்பினேன். முதலாளியம்மா போனில் கத்தினார். நானும் மாலாவும் சாப்பிடாமல் அந்த வரிசையை முடித்தோம்.

லதாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது, இடையில் இருமலோடு: “ஃப்ளூவாம். மூணு நாள் எம்.சி. ஜெயிச்சிட்டீங்க, போதுமா?”

அந்த வாரம் எனக்கோ மாலாவுக்கோ ஒரு தும்மல்கூட வரவில்லை. நான் திருத்திய எந்தப் புருவத்தைப் பற்றியும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. புனிதாவைக் கூப்பிட்டு, வா என்றேன்.

நான்காவது நாற்காலி

ஜன்னலைத் திறந்து, அதன் பக்கத்தில் அவள் நாற்காலியைப் போட்டோம். செய்தி எப்படியோ ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் தெம்பனிஸ் வரை போய்விட்டது. அங்கிருந்து அவளுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர் முதல் ஆளாக வந்தார், வாசலிலேயே இருமினார். குணமானதும் வாருங்கள் என்று நான் வழியை மறித்தேன். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, என் தோளுக்கு மேலாகப் புனிதாவைப் பார்த்துச் சொன்னார்: “உன் கைக்காக இத்தனை மாசம் காடா வளத்து வச்சிருக்கேன். இன்னும் ஒரு வாரம் வளரட்டும்.”

மதியம் கூட்டம் ஏறியது. புனிதாவுக்கு அடுத்த நாற்காலியில் லதா அவசரத்தில் மாஸ்க்கை இறக்கி நூலைப் பல்லில் கடித்தாள். கடித்தபடியே ஒரு கணம் நின்றாள். நூலை அறுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள், மாஸ்க்கை ஏற்றினாள், கையைக் கழுவிவிட்டு வந்து புது நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நாலு சுவரிலும் கண்ணாடி உள்ள கடையில் அதை யாருமே பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.