லூர்துராணியைக் குயில் என்று கூப்பிட்டது

தென்னூரில் மைக் செட் வைத்திருக்கிறேன். பாட வருகிறவர்களை மேடைக்குக் கூப்பிடுவதும் நான்தான். பொடிசு என்றால் சிட்டு, பொம்பளை என்றால் குயில், ஆம்பளைக்கு மட்டும் பெயர். குயில் என்று சொல்லிவிட்டால் போதும், நல்ல குரல் என்று கூட்டம் புரிந்துகொள்ளும். ஆள் யார் என்று எவனும் கேட்க மாட்டான்.

லூர்துராணி அக்கா காலேஜ் கேன்டீனில் தோசை வார்ப்பவர். பகலெல்லாம் கல்லுக்கு முன்னால் நிற்பார். சாயந்திரம் கல்யாணமோ சாவோ, கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பாடுவார். இருபது வருஷமாக மன்னார்புரம் பக்கத்து மாதா கோயில் திருவிழாவில் முதல் பாட்டு அவருடையதுதான்.

போன வருஷம் அவருக்குக் கழுத்தில் ஆபரேஷன். இந்த வருஷத் திருவிழாவுக்குத் தழும்பைச் சேலையால் மூடிக்கொண்டு வந்தார்.

"தம்பி ரெங்கராஜ், இன்னைக்கு நல்லா பாடிட்டா முதல் பாட்டு எனக்கே. இல்லேன்னா இனிமே கூடப் பாடுற அனிஷாவுக்குன்னு கொயர்ல பேசிட்டாங்க. மைக்கைப் பாத்து வைப்பா."

"அட போங்கக்கா, உங்களுக்குச் சொல்லணுமா?"

"அடுத்து, நம்ம குயில்!" என்று வழக்கம்போல அறிவித்தேன். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரி மேலே ஏறும்போது குரல் உடைந்து வெறும் காற்றாகிவிட்டது.

"குயிலுக்குச் சளி புடிச்சிருச்சு டோய்!" என்றான் முன்னால் நின்ற பந்தல்கார மார்ட்டின். ஒரே சிரிப்பு. என் செட்டைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. மிக்ஸரில் அக்கா மைக்கின் சத்தத்தை இறக்கி, கீபோர்டு சத்தத்தை ஏற்றிவிட்டேன்.

ஸ்பீக்கர் பெட்டியில் தன் குரல் வராதது பாடுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதாவது ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. பாதியில் இறங்கிப் போனார்.

எல்லாம் முடிந்து நான் ஒயர் சுற்றும்போது அக்கா வந்து நின்றார்.

"அடுத்த வரியில புடிச்சிருப்பேன். நீ விடலை."

"சனம் சிரிச்சுதுக்கா..."

"சிரிக்கட்டுமே. நீ குயிலுன்னே, அவங்க குயிலத் தேடுனாங்க. லூர்துராணின்னு ஒரு தடவையாச்சும் மைக்குல சொல்லியிருக்கியா?"

யோசித்தேன். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை.

அடுத்த வாரம் அதே கோயிலில் நவநாள் ஜெபத்தில் முதல் பாட்டு அனிஷாவுக்கு. "அடுத்து, அனிஷா" என்று பெயரைத்தான் சொன்னேன். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிகிறவரை மிக்ஸரை விட்டு நான் தலையைத் தூக்கவே இல்லை.