மூலம் என்று சொல்லிவைத்தேன்

குளிக்கும்போதுதான் முதலில் விரலில் தட்டுப்பட்டது. பிறப்புறுப்பின் ஓரத்தில் மிளகளவு ஒரு தடிப்பு. வலியில்லை. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நாளெல்லாம் உட்கார்ந்தே தைப்பதால் வரும் வேர்வைக் கட்டி என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் அது காலிஃபிளவர் நுனிபோலக் கொத்தாகிவிட்டது.

சேவூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பூரில் ஒரு பெண் தோல் மருத்துவரிடம் போனேன். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "இது மருங்க. உறவு மூலமாத் தொத்துற வைரஸ்" என்றார்.

"நான் ஒரு தப்பும் பண்ணலீங்க டாக்டர்."

"நான் அதக் கேக்கவே இல்லீங்களே."

பிறகு உட்காரவைத்துச் சொன்னார். இந்தக் கிருமி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்குமாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாதாம். இந்த மரு பெரும்பாலும் புற்றுநோயாக மாறாது என்றாலும், கர்ப்பப்பை வாய்க்கும் ஒரு பரிசோதனை எடுத்துவிடலாம் என்றார். கடைசியாக, "ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

எனக்கு அதுதான் பெரிய நோயாகத் தெரிந்தது.

என் கணவர் சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். சொன்னதும், "ஆருகிட்ட இருந்து வந்துச்சுன்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்ல முடியாதாம் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. அவர் என்னைச் சந்தேகப்படுகிறாரோ என்று பயந்தேன். அதே நேரத்தில் நானும் அவருடைய பழைய வெளியூர் வேலைகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில், "கெளம்பு புள்ள, நானும் வர்றேன்" என்றார். மருத்துவரிடம், "எனக்கும் பாருங்க" என்று அவரே கேட்டார். அவருக்கும் சின்னதாக இரண்டு இருந்தன. ஒரு வருஷமாக இருக்கிறதாம். சாதாரண மரு என்று நினைத்தாராம்.

திரும்பும்போது பைக்கில், முகம் தெரியாமல் முன்னால் உட்கார்ந்தபடி, "கல்யாணத்துக்கு முன்னால ஒருக்கா..." என்று ஆரம்பித்தார்.

"அதுலதான் வந்துச்சான்னு டாக்டருக்கே தெரியாதுங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

கோபமே வரவில்லை என்று எழுதினால் அது பொய். நிறைய வந்தது. ஆனால் அந்த வண்டியில் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

எனக்கு எலெக்ட்ரோகாட்டரி (மின்சாரத்தால் சூடேறிய நுனியால் மருவைச் சுட்டு எடுப்பது) செய்தார்கள். மரத்துப்போகப் போட்ட ஊசிதான் அதிகம் வலித்தது. அதன்பிறகு முடி கருகுவதுபோன்ற வாடை மட்டும். அரைமணிக்குள் முடிந்துவிட்டது.

சிரமம் வீட்டுக்கு வந்தபிறகுதான். முதல்முறை சிறுநீர் கழித்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டால் எரிச்சல் குறையும் என்று நர்ஸ் சொல்லியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தினமும் இரண்டு வேளை அகலமான டப்பில் வெந்நீர் ஆற்றி உட்கார்ந்தேன். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, களிம்பு போட்டேன். வெளிநாட்டுப் பெண்களுக்கு ஜட்டி தைத்து அனுப்புகிற நான், எனக்கு இரண்டு சைஸ் பெரியதாகப் பருத்தியில் வாங்கிவரச் சொன்னேன். ஐந்தாம் நாள் புண்ணின்மேல் மஞ்சளாக ஒரு படலம் வந்தது. சீழ் என்று பயந்து போன் செய்தேன். நாற்றமோ காய்ச்சலோ இல்லையென்றால் அது புண் ஆறுகிற வழிதான் என்றார் மருத்துவர்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனபோது மிஷினில் உட்கார முடியவில்லை. நின்று பார்க்கிற செக்கிங் டேபிளுக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டேன். "சின்ன ஆபரேசனுங்க" என்றேன். "மூலமுங்களா?" என்று குரலைத் தாழ்த்தினார். "ஆமாங்க" என்றேன்.

மதியத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒருவர் துத்திக்கீரை கொண்டுவந்தார், இன்னொருவர் கருணைக்கிழங்கு மசியல் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் எத்தனை டப்பா வந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பக்கத்து டேபிள் ஜெபா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி மூன்று வருஷம். ஒருநாள் டீ நேரத்தில் கேட்டாள்: "அக்கா, ஒங்களுக்கு மூலம் பாத்தது லேடி டாக்டரா?"

"ஆமா கண்ணு."

"எனக்கும் மூலந்தான்னு நெனைக்கேன். ஆனா அது முன்னால இருக்கு."

டம்ளரைக் கீழே வைத்தேன். கையிலிருந்த பொய்யை இனிமேலும் வைத்திருக்க முடியவில்லை. "எனக்கும் மூலம் இல்ல ஜெபா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூச்சை நீளமாக விட்டாள்.

"எத்தன மாசமா?"

"எட்டு மாசம். யார்ட்டயும் சொல்லலக்கா."

அந்த வாரம் பெர்மிஷன் போட்டு இரண்டு பேரும் போனோம். உள்ளே போகும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த எட்டு மாதம் ஓடிக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஆறாவது வாரம் எனக்கு ஒன்று திரும்ப முளைத்தது. மறுபடி சுட்டார்கள். இன்னும் வரலாம், வராமலும் போகலாம். ஆறிவிட்டது என்று ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாத நோய் இது. மாதம் ஒருமுறை கைக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். முப்பத்தாறு வயதில்தான் அந்த இடத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். வெளிறிய புதுத்தோல். யாருடையதோபோல இருந்தது. இப்போது என்னுடையதாகத் தெரிகிறது.

மருத்துவர் சொன்ன காலம் முழுதும் பொறுத்து, ஆணுறை வாங்கி வைத்துக்கொண்டு, பல வாரங்களுக்குப் பிறகு கணவர் அருகில் வந்தார். பாதியில் நின்று, "வலிக்குதா?" என்றார். பதினான்கு வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை.

"இல்லீங்க" என்றேன், பழக்கத்தில். பிறகு யோசித்து, "கொஞ்சம்" என்றேன்.

அவர் விலகிப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் எந்த அவசரமும் இல்லை.