கேமராவுக்கு முன்னால் எங்கள் நைனா

எங்கள் அப்பா, நைனா, ஒருநாள் படத்தில் வருவார் என்று எண்பதுகளிலேயே நான் சொன்னேன்.

அப்போது ஒரு அம்மா, நாட்டின் வீரன் என்று என்னைத் தேடி வீடியோ கேமராவோடு கோட்டைக்குப்பம் வந்தார். "என்னை விடும்மா, எங்க நைனாவ எடு" என்றேன்.

இன்று பழவேற்காடு டீக்கடையில் அவரே என்னைத் தேடி வந்து, அந்தப் படத்தைப் போனில் காட்டினார்.

படகில் நான் கட்டிய தேசியக்கொடி. அதன் கீழே நைனா வலையிலிருந்து நண்டு எடுக்கிறார், குஞ்சு நண்டை ஏரியிலேயே விடுகிறார். மறுபடி எடுக்கிறார், மறுபடி விடுகிறார். படமே அவ்வளவுதான்.

வீட்டில் நைனாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. முகமே மறந்திருந்தது. அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இன்னா மாமு, அழுவுறியா?" என்றார் டீக்கடை பாய்.

"இல்ல பாய், உன் டீ அப்படி."

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். நைனாவை எடுக்கச் சொன்னது மட்டும் என் கற்பனை. "நைனா, நவுரு, என்னை மறைக்கிற!" என்று நான் கத்துவதுதான் அதில் கேட்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.