சூசைமுத்து மாட்டிய வெள்ளை லைட்

சூசைமுத்து நல்லவன் என்று ஆரம்பிக்க எனக்கு வராது. வீம்புக்காரன். செம்பட்டி பிக்கப் ஸ்டாண்டில் அவனோடு சண்டை போடாத டிரைவர் கிடையாது. ஆனால் பூ ஏற்றுவதில் அவனை அடிக்க ஆள் இல்லை.

பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறினான். முப்பதில் சொந்த பிக்கப் வாங்கினான். அதற்குப் பிறகு இருபது வருடமாக ஒரே ஓட்டம்தான். செம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் ரோட்டோரம் நிற்கும் மல்லிகை மூட்டைகளை விடியுமுன் பொறுக்கிக்கொண்டு நிலக்கோட்டை சந்தைக்குப் போவான். மொட்டு விரிவதற்குள் இறக்கியாக வேண்டும். ஸ்டாண்டில் என்னை மொக்கை என்பார்கள்; அந்தப் பக்கமிருந்து கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போகிறவன். தினம் ஐந்து மணிவாக்கில் எதிரெதிரே கடப்போம். பிரைட்டை இறக்கி டிம் போட்டு, மறுபடி ஒரு தரம் ஏற்றி இறக்குவோம். அதுதான் எங்களுக்குள் வணக்கம். சண்டை போட்ட மறுநாள்கூட அது தவறியதில்லை.

அவனுக்குச் சர்க்கரை. போன வருடம் கண் மங்க ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் பூக்காரர்கள் மறுநாளே வேறு வண்டிக்குக் கைகாட்டிவிடுவார்கள். இருபது வருடப் பழக்கமெல்லாம் பூ வாடுகிற வரைக்கும்தான். அவன் சம்சாரம் அல்போன்சா பிற்பாடு என்னிடம் சொன்னாள்: "ராத்திரி தட்டுல வெஞ்சனம் எந்தப் பக்கம் இருக்குன்னு தடவித்தேண்ணே எடுப்பாரு. கேட்டா, வீட்டு பல்பு சரியில்லைம்பாரு."

வண்டி லைட்டும் சரியில்லை என்று முடிவு செய்துகொண்டான். திண்டுக்கல் போய் இரண்டு எல்இடி பல்பு மாட்டி வந்தான். பழைய குண்டு பல்புக்குச் செய்த கிண்ணத்தில் எல்இடியைச் சொருகினால் வெளிச்சம் ரோட்டில் ஒழுங்காக விழாது, நாலா பக்கமும் சிதறும். டிம்மில் வைத்தாலும் எதிரே வருகிறவனுக்குப் பிரைட் மாதிரிதான் அடிக்கும். கடைக்காரர் சுவரில் அடித்துப் பார்த்து உயரத்தை இறக்கித் தருகிறேன் என்றாராம். "இறக்காதீங்க, எனக்குத் தூரந் தெரியணும்" என்று தடுத்தவன் இவன்தான்.

முதல் நாள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் சிரிப்பு.

"ஏலே சூச, பூ ஏத்துறியா, தேர் இழுக்குறியா?" என்றான் பாக்கியராஜ். அவனும் பிக்கப் டிரைவர்தான்.

"ஒன் வண்டியில மெழுகுவத்தி எரியுது. அதப் போயி மொதல்ல பாருலே" என்றான் சூசைமுத்து.

பத்து நாளில் சிரிப்பு போய்விட்டது. அவன் வேண்டுமென்றே பிரைட்டில் வருகிறான் என்று எதிரே வருகிற ஒவ்வொருவனும் பதிலுக்குப் பிரைட் போட்டான். பஸ் போட்டது, லாரி போட்டது. நல்ல கண்ணே கூசும், அவன் கண் என்ன செய்யும்? பார்ப்பதற்காக மாட்டிய லைட்டால் அவனுக்கு இருந்த பார்வையும் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் வந்து புலம்புவான்: "எல்லாப் பயலும் மூஞ்சியிலயே அடிக்கிறான்ப்பா."

"நீ அடிக்கிற, அவனும் அடிக்கிறான். அதக் கழட்டி எறி" என்றேன்.

"நான் டிம்லதான் வாரேன்."

"ஒனக்கு டிம்மு. எதிர்ல வாறவனுக்குக் கண்ணு அவிஞ்சு போகுது, சூச."

"ஒன் வண்டிக்கு மாட்ட வக்கில்ல. அதான் வயிறு எரியுது, மொக்க."

டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். கண் மங்கியது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். சொல்லி என்ன.

மறுநாளிலிருந்து நான் டிம் போடவில்லை. ஐப்பசித் தூறல். நாலாவது நாள், வாய்க்கால் வளைவுக்கு முன்னால் அந்த வெள்ளை லைட் வந்தது. ஈர ரோட்டில் அந்த வெள்ளை வெளிச்சத்துக்குக் கோடும் தெரியாது, ஓரமும் தெரியாது. அவன் என்று தெரிந்தேதான் பிரைட் போட்டேன். கடக்கிற வரைக்கும் இறக்கவில்லை. பின்னால் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். லைட் இரண்டும் வாய்க்காலுக்குள் இருந்து வானத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

நான்தான் அவனை வெளியே இழுத்தேன். இடது முழங்கால் நொறுங்கிப்போயிருந்தது. மூட்டை பிரிந்து பூவெல்லாம் தண்ணீரில் போனது. ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்தவர்கள் கண்ணையும் பார்த்தார்கள். இனி வண்டி தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போலீஸ் கேட்டதற்கு, நாய் குறுக்கே வந்தது என்று சொல்லிவிட்டான்.

வண்டியை விற்றாயிற்று. இப்போது நிலக்கோட்டை சந்தையில் ஒரு பூக்கமிஷன் கடையில் உட்கார்ந்து மூட்டை வாய் கட்டுகிறான். அதற்குக் கண் வேண்டாம், கை போதும். பூக்காரர்கள் வேறு வண்டி தேடினார்கள். என்னிடம் வந்தார்கள். கத்தரிக்காயை விட்டுவிட்டுப் பூ ஏற்றினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் ஒரு காலை, மூட்டை இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சூச, அன்னைக்கு எதுக்க வந்தது..."

"தெரியும்."

"எப்படி?"

"ஒன் வண்டி சத்தம் எனக்குத் தெரியாதா? கண்ணுதேன் போச்சு."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன்.

"எந்திரிச்சுப் போ, மொக்க. வண்டிய எடு. பின்னாடி பூ வண்டி நிக்கிது" என்றான்.

எடுத்துவிட்டு வந்தேன். சூசைமுத்துவின் வண்டியை வாங்கியவன் அந்த பல்பைக் கழற்றவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அந்த வெள்ளை லைட் எதிரே வருகிறது. நான் டிம் போட்டு ஓரம் கட்டி நிற்கிறேன். அவன் என் மூஞ்சியில் அடித்துவிட்டுப் போகிறான்.