பெத்தணன் சுற்றி முடிக்காத கண்மாய்

பெத்தணனுக்குச் சகுனத்தின் மேல் இருந்த பிடிப்பு சாமியின் மேல்கூடக் கிடையாது. கிளம்புகிற மனுசனைப் பார்த்து "எங்க போறீக?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் போச்சு. பஸ் வந்து நின்றாலும் ஏற மாட்டார். வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். இது அச்சங்குளத்துக்கே தெரியும். அவர் எதிரே வந்தால் "என்ன அண்ணாச்சி, தூரமா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இதற்கு அவரிடம் ஆதாரமும் உண்டு. அண்ணன் சிவபாண்டி சர்க்கரைப் புண்ணோடு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, எதிரே வந்த ஒருத்தன் எங்கே என்று கேட்டான். அண்ணன் திரும்பாமல் போனார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் வந்தார். அந்தப் புண்ணை ஆறு மாதம் யாருக்கும் காட்டாமல் வேட்டிக்குள் மறைத்து வைத்திருந்தாரே, அதைப் பற்றிப் பெத்தணன் வாய் திறப்பதில்லை.

2006 ஆடியில் பெத்தணனின் பாதமும் மதமதவென்று ஆனது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை. சாத்தூர் டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மூணு மாசம் டைம். தினம் காலையில நடங்க. சர்க்கரை இறங்கலேன்னா உங்க அண்ணன் கதைதான்" என்றார். அன்று ராத்திரி பெத்தணன் சாப்பிடவில்லை. பயந்துவிட்டார்.

பயந்தாலும் நாக்கு நாக்குதானே. நடக்கக் கண்மாயைச் சுற்றி ஒரு பாதை பார்த்தார். வீட்டிலிருந்து கரையேறி, அய்யனார் கோயில் தாண்டி, பட்டாசுக் கம்பெனி கேட்டருகே இறங்கி, ரோட்டோடு வீடு. மூன்று கிலோமீட்டர். பாதித் தூரத்தில் கம்பெனி கேட்டு. கேட்டுக்கு அடுத்தது பொன்னுத்தங்கத்தின் மிட்டாய்க் கடை. காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே கருப்பட்டி மிட்டாய் சூடாகப் பிழிந்துகொண்டிருப்பார்கள். நடக்கும்போது தின்பது நடையிலேயே கரைந்துவிடும் என்பது பெத்தணனின் வைத்தியம். பாதையைக் கேட்ட மனைவி அருணாதேவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது நடக்காத சங்கதி.

முதல் நாள். கேட்டில் வாட்ச்மேன் வெள்ளைத்துரை நின்றான். வேலைக்கு வருகிறவர்கள் மடியில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற ஆள்.

"அண்ணாச்சி, எங்க போறீக?"

"ஏலே, ஒனக்கு அறிவிருக்கா? கெளம்புற மனுசனப் பாத்து எங்கன்னா கேப்பாக?"

"வாட்ச்மேன் கேக்காம வேற யாரு அண்ணாச்சி கேப்பா?"

மிட்டாய் வாசம் மூக்கைத் துளைத்தது. அண்ணன் கால் ஞாபகத்துக்கு வந்தது. பெத்தணன் திரும்பினார். வீட்டு வாசலில் அருணாதேவி செம்போடு நின்றாள். உட்கார்ந்தார், குடித்தார், மறுபடி போனார். பாவி மறுபடியும் கேட்டான். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. காட்டு வேலை கிடந்தது.

மறுநாளும் இதே கூத்து. எதிர்ப்பக்கமாகச் சுற்றலாம்தான். ஆனால் நடுவில் அய்யனார் இருக்கிறார். அவரை இடமாகச் சுற்றினால் அது வேறு வம்பு. மூன்று மாதம் பெத்தணன் தினமும் இரண்டு தடவை கேட்டு வரை போனார், இரண்டு தடவை திரும்பி வந்தார், வெள்ளைத்துரையின் பரம்பரையையே திட்டினார். மிட்டாய் ஒரு துணுக்குகூட உள்ளே போகவில்லை.

சர்க்கரை பாதியாக இறங்கியிருந்தது. டாக்டர் சந்தோசமாக, "தினம் எத்தனை சுத்து?" என்றார்.

"ஒரு சுத்துகூட முடியலைங்கய்யா."

டாக்டர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "அப்ப முடிக்காதீங்க" என்றார்.

மறுநாள் காலை கேட்டைக் கடந்தார். வெள்ளைத்துரை கும்பிட்டதோடு சரி, ஒன்றும் கேட்கவில்லை. பத்தடி போய் நின்றார் பெத்தணன். கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏலே, இன்னைக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"மூணு மாசந்தான் கேக்கச் சொன்னாக அண்ணாச்சி. சீட்டு நல்லா வந்துட்டு, இனி வேணாம்னு நேத்தே சொல்லிட்டாகளே."

"யாருலே?"

"அருணாதேவி அக்காதான். 'அவுக கடைக்குப் போகாம பாத்துக்கோ, வெள்ளை. மத்தவுக சொன்னா கேக்க மாட்டாக, சகுனம் சொன்னாக் கேப்பாக'ன்னு அழுதாக."

பெத்தணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. அம்புட்டுப் பேரும் சேர்ந்து மூணு மாசம் முட்டாளாக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தார். பத்து விரலும் இருந்தன. கடையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கேளுலே" என்றார்.

"என்னது அண்ணாச்சி?"

"கேளுங்கேன்ல!"

வெள்ளைத்துரை தயங்கித் தயங்கி, "எங்க போறீக அண்ணாச்சி?" என்றான்.

பெத்தணன் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தார். வாசலில் இன்றைக்குச் செம்பு இல்லை. கோலம் போட்டுக்கொண்டிருந்த அருணாதேவி மாவும் கையுமாக நிமிர்ந்தாள்.

"என்ன திரும்பிட்டீக?"

"வெள்ளைத்துரை கேட்டுட்டான்."

"அவனா? நான்தான் அவன்கிட்ட..."

பெத்தணன் படியில் உட்கார்ந்தார்.

"தண்ணி கொண்டா" என்றார். "இன்னொரு நடை போகணும்."